2 ஜிபி ரேமில் லினக்ஸ்: எதை எடுப்பது, எதை விடுவது

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், குறைந்தது 4 ஜிபி ரேம், ஓரளவு புதிய பிராசஸர் எல்லாம் வேண்டும். சென்னையில் வீட்டு அலமாரியில், டிடிபி கடையில், டியூஷன் சென்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பல இந்த வாசலைத் தாண்டாது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவையும் அந்த ரகம்தான். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கிய சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) குழு இருப்பதும் சென்னையில்தான்.

சரி, விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாம் என்று முடிவெடுத்தால் அடுத்த குழப்பம் தொடங்குகிறது. லினக்ஸ் பல 'விநியோகங்களாக', அதாவது நிறுவத் தயாரான வெவ்வேறு தொகுப்புகளாக, கிடைக்கிறது. ஒருவர் லுபுண்டு என்கிறார், இன்னொருவர் ஆன்டிஎக்ஸ் என்கிறார், மூன்றாமவர் பப்பி லினக்ஸ் போதும் என்கிறார். ஒவ்வொருவரும் 'இது வெறும் 200 எம்பிதான் எடுக்கும்' என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறான பொருளைத் தேர்வோம். கணினியைத் திறந்ததும் எவ்வளவு ரேம் போகிறது என்பதைவிட, நமக்கு வேண்டிய வேலைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, அந்த வேலை தமிழில் ஒழுங்காக நடக்கிறதா என்ற இரண்டும்தான் கேட்க வேண்டிய கேள்விகள்.

திரையில் தெரிவதற்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன

விண்டோஸில் எல்லாம் ஒரே கட்டியாக வரும். லினக்ஸில் அது அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே மாற்றலாம். எடையைக் குறைக்க வழி இருப்பதும் அதனால்தான்.

1. கர்னல். வன்பொருளை நிர்வகிப்பது. பழைய கணினிக்கென்று தனியே தேடத் தேவையில்லை. விநியோகத்தோடு வருவதே போதும்.

2. டிஸ்பிளே சர்வர். திரையில் படம் வரைய இடம் கொடுப்பது. நெடுங்காலமாக எக்ஸ்11, இப்போது வேலண்ட் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

3. விண்டோ மேனேஜர். சாளரங்களுக்குச் சட்டம் போட்டு, நகர்த்தி, மூடுவது மட்டும் இதன் வேலை. ஐஸ்டபிள்யூஎம், ஓபன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் ஆகியவை இந்த வகை.

4. டெஸ்க்டாப் சூழல். விண்டோ மேனேஜரோடு பேனல், ஃபைல் மேனேஜர், அமைப்புகள், வைஃபை ஐகான், பேட்டரி எச்சரிக்கை எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு. க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, மாட்டே ஆகியவை இந்த வகை.

5. டூல்கிட். பட்டன், மெனு, எழுத்துப் பெட்டி ஆகியவற்றை வரையும் நூலகம். ஜிடிகே, க்யூடி இரண்டும் பெரியவை. எஃப்எல்டிகே மிகச் சிறியது.

6. மேலே நாம் பயன்படுத்தும் பிரவுசர், ஆபீஸ், வீடியோ பிளேயர்.

ஐந்தாவது அடுக்கைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் தமிழ் வாசகருக்கு முக்கியமான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரேம் எங்கே போகிறது

பழைய மடிக்கணினிகளின் வழக்கமான திரை அளவு 1366 × 768. மொத்தம் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு முழுத்திரைப் படத்துக்கு 4 எம்பி ரேம். கம்பாசிட்டர் என்ற வசதி இயங்கும்போது, திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தின் படமும் தனித்தனியே நினைவில் வைக்கப்படும். நிழல், மங்கல், நழுவி வரும் அசைவு எல்லாம் வருவது இதனால்தான். பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் சிப்புகளுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. அவை எடுப்பதும் இதே 2 ஜிபியிலிருந்துதான். ஆகவே எக்ஸ்எஃப்சிஇ போட்டிருந்தால் அதன் சாளர அமைப்பில் கம்பாசிட்டரை அணைத்துவிடலாம். கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சரியான டிரைவர் இல்லாத கணினியில் க்னோம் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: சிப் செய்ய வேண்டிய வரைகலை வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். மே மாதச் சென்னையில் அந்த மடிக்கணினியை மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

படக் கோப்புகள் இன்னொரு மறைவான செலவு. போனில் எடுத்த 4000 × 3000 அளவுள்ள புகைப்படம் வட்டில் 4 எம்பி இருக்கலாம். திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும்; விரித்தால் 48 எம்பி. வால்பேப்பராகப் பெரிய படம் வைப்பதும், இருபது படங்களுள்ள இணையப் பக்கத்தைத் திறப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) 'ஃப்ரீ' (free) என்ற கட்டளை உண்டு. அதில் 'ஃப்ரீ' என்ற பத்தியில் 80 எம்பி என்று இருந்தால் பதற வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை விடாமல், அண்மையில் படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். வேறு மென்பொருள் கேட்டால் உடனே காலி செய்து கொடுக்கும். கடைசிப் பத்தியான 'அவெய்லபிள்' காட்டும் எண்தான் உண்மையான மிச்சம்.

டெஸ்க்டாப் சண்டையை எங்கே நிறுத்தலாம்

2 ஜிபி கணினியில் கிராஃபிக்ஸ் எடுத்தது போக ஏறத்தாழ 1900 எம்பி கையில் இருக்கும். திறந்ததும் ஆகும் செலவைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம். விநியோகம், பதிப்பு பொறுத்து ஏறும், இறங்கும்.

1. க்னோம்: ஒரு ஜிபியை ஒட்டியோ அதற்கு மேலோ. மிச்சம் 800, 900 எம்பி.
2. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே: 500 முதல் 800. மிச்சம் 1200 போல.
3. எல்எக்ஸ்க்யூடி: 400, 500. மிச்சம் 1450 போல.
4. ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம் மட்டும்: 150 முதல் 250. மிச்சம் 1650-ஐத் தாண்டும்.

முதல் வரியிலிருந்து இரண்டாவதற்கு இறங்குவது பெரிய லாபம். மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு இறங்கினால் கிடைப்பது சுமார் 200 எம்பி. கனமான இணையதளம் ஒன்றின் ஒரு டேபுக்கு அது சரியாகப் போய்விடும். அந்த 200 எம்பிக்காக நாம் விடுவது எது? பென்டிரைவ் செருகியதும் தானாகத் திறப்பது, மூடியை மூடினால் தூங்கப்போவது, இரண்டாவது திரையை மாட்டினால் கேள்வி கேட்பது போன்றவை. ஐஸ்டபிள்யூஎம்மில் இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஆன்டிஎக்ஸ் விநியோகம் அந்த வேலையை நமக்காக ஓரளவு செய்தே தருகிறது. ஆனால் கணினியைப் பயன்படுத்தப் போவது வீட்டில் இருக்கும் அம்மாவோ, கடையில் தட்டச்சு செய்யும் பெண்ணோ என்றால் 2 ஜிபியில் எல்எக்ஸ்க்யூடிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ் இரண்டில் எதுவானாலும் சரி.

1 ஜிபியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே 200 எம்பி என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது ஆன்டிஎக்ஸ், அல்லது முழுமையாக ரேமில் ஏறி ஓடும் பப்பி லினக்ஸ் என்று போகத்தான் வேண்டும்.

எல்எக்ஸ்க்யூடி பற்றி ஒரு சிறு வரலாறு. 2006-இல் தைவானில் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ, ஜிடிகேயின் பழைய இரண்டாம் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. பிறகு அதன் குழு ரேசர்-க்யூடி என்ற இன்னொரு டெஸ்க்டாப் திட்டத்தோடு இணைந்து எல்எக்ஸ்க்யூடி ஆனது. லுபுண்டு 18.10-இலிருந்து இதற்கு மாறிவிட்டது. ஆகவே பழைய குறிப்புகளில் 'லுபுண்டு, எல்எக்ஸ்டிஇ' என்று படித்தால் அது 2018-க்கு முந்தைய கதை.

தமிழ் தெரியவில்லை என்றால் எடை குறைந்து என்ன பயன்

'மிக இலகு' என்று பட்டியலிடும் ஆங்கிலக் குறிப்புகளில் இந்த விஷயம் வராது. அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

யூனிகோடில் 'கொ' என்ற எழுத்து இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. ஆனால் திரையில் வரையும்போது கொம்பு 'க'-வுக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். 'கு', 'மூ', 'ஸ்ரீ' போன்றவற்றுக்கு எழுத்தின் உருவமே மாற வேண்டும். சேமித்த வரிசையைப் படிக்கும் வரிசையாக மாற்றி, எழுத்துருவிலிருந்து சரியான வடிவத்தை எடுக்கும் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் செய்கிறது. ஜிடிகே இதை பேங்கோ வழியாகப் பயன்படுத்துகிறது, க்யூடியும் பயன்படுத்துகிறது, ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் (குரோம் பிரவுசரின் அடித்தளம்) இரண்டும் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

எஃப்எல்டிகே இலகுவாக இருப்பதற்கு ஒரு காரணம், இந்த வேலையை அது நெடுங்காலமாகச் செய்யாமல் விட்டதுதான். ஆங்கிலத்துக்கு இது தேவையே இல்லை. தமிழுக்கு இல்லாமல் முடியாது. எஃப்எல்டிகேயில் எழுதப்பட்ட டில்லோ பிரவுசர் சில நொடிகளில் திறக்கும், சில பத்து எம்பிகளில் ஓடும். அதில் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி வரும். எக்ஸ்டெர்ம் டெர்மினலிலும் இதே கதை. டைனி கோர் லினக்ஸ் எஃப்எல்டிகேயை நம்பியே கட்டப்பட்டது. 20 எம்பி சொச்சத்தில் முழு வரைகலைச் சூழலைக் கொடுப்பது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் தமிழ் படிக்க வேண்டிய கணினிக்கு அது பொருத்தமில்லை.

எங்கே கவலைப்பட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

1. பிடிஎஃப்: அந்தக் கோப்பில் எழுத்து வடிவங்கள் ஏற்கெனவே இடம்பிடித்து அமர்ந்திருக்கும். எழுத்துருவும் உள்ளேயே பொதிந்திருந்தால் மிகச் சிறிய மியூபிடிஎஃப்பே அரசாணையைப் பிழையின்றிக் காட்டும். இதற்கென்று கனமான மென்பொருள் வைக்க வேண்டியதில்லை.

2. வீடியோவின் தமிழ் சப்டைட்டில்: எம்பிவி பிளேயர் பயன்படுத்தும் லிப்ஆஸ் நூலகம் ஹார்ஃப்பஸை அழைத்துக்கொள்ளும்.

3. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள்: அவற்றில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வடிவம் என்பதுதான் ஏற்பாடு. எழுத்துருக் கோப்பை நிறுவினால் போதும்.

4. எளிய விண்டோ மேனேஜர் சிலவற்றில் தலைப்புப் பட்டையில் மட்டும் தமிழ் சிதறும். சாளரத்தின் உள்ளே சரியாகவே இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தட்டச்சுக்கு இரண்டு வழிகள். எக்ஸ்11-இன் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ் உண்டு. அதற்குக் கூடுதல் ரேம் ஏதும் ஆகாது. ஆனால் அதில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதுதான் கணக்கு. தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுமே, அது போன்ற வசதிகளுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வேண்டும், அதோடு விசைப்பலகை முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பும் வேண்டும். அவை எடுக்கும் சில பத்து எம்பிகளைத் தயங்காமல் கொடுக்கலாம். இந்தச் செலவைச் சுருக்கினால் கணினி வெறும் பார்க்கும் பெட்டியாகிவிடும்.

உண்மையான எடை பிரவுசரில்

இன்றைய ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் ஒவ்வோர் இணையதளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் ஓட்டுகின்றன. ஒரு தளத்தில் ஒளிந்திருக்கும் தீய நிரல் உங்கள் வங்கிப் பக்கத்தை எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான் இந்தச் சுவர். சுவர் எழுப்பினால் இடம் போகும். அஞ்சல், யூடியூப், ஒரு செய்தித்தளம் என்று மூன்றைத் திறந்ததுமே டெஸ்க்டாப் எடுத்ததைவிட அதிக ரேம் போய்விடும். இந்தச் சுவரை அணைத்து ரேம் மிச்சம் பிடிக்கச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். நெட் பேங்கிங் நடக்கும் கணினியில் அது கூடாது.

அதைத் தொடாமலே குறைக்கலாம்:

1. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியை (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) நிறுவுங்கள். இருப்பதிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். தமிழ்ச் செய்தித்தளங்களில் செய்தியைவிட விளம்பர நிரல்களே அதிகம். அவை இறங்காவிட்டால் ரேமும் மிச்சம், மொபைல் டேட்டாவும் மிச்சம்.

2. பழைய கிராஃபிக்ஸ் சிப்புகளில் பல எச்.264 வடிவ வீடியோவைத் தாங்களே விரிக்கும். யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்கள் அவற்றுக்குத் தெரியாது. எச்.264-ஐயே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்று போட்டால் தடங்கல் பெருமளவு குறையும். 480பி-யில் பார்ப்பது இன்னும் நிம்மதி.

3. கணினிக்கென்று வரும் அரட்டைச் செயலிகளில் பல எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழு குரோமியத்தைச் சுமந்து வரும். அவற்றை நிறுவாமல் பிரவுசரில் ஒரு டேபாகத் திறந்துகொள்ளுங்கள்.

மற்ற மென்பொருள்களில் சுருக்கமாக: படம் பார்க்க வியூநியர், வீடியோவுக்கு எம்பிவி, குறிப்பெழுத ஃபெதர்பேட் அல்லது மவுஸ்பேட். ஆபீஸ் விஷயத்தில் மட்டும் இலகுவானதைத் தேட வேண்டாம். அபிவேர்டு குறைவாக எடுக்கும்தான். ஆனால் அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பின் அட்டவணைகளைக் கலைத்துவிடும். லிப்ரே ஆபீஸ் மெதுவாகத் திறந்தாலும் ஒரு கோப்பு, ஒரு சாளரம் என்று வைத்துக்கொண்டால் 2 ஜிபியில் நன்றாகவே ஓடும்.

ரேம் தீரும்போது என்ன ஆகிறது

ரேம் நிறைந்ததும் லினக்ஸ் 4 கேபி துண்டுகளாகத் தரவை வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்கு நகர்த்தும். சுழலும் ஹார்டுடிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க, ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ பத்து மில்லிநொடி ஆகும். நொடிக்கு நூறு முறைதான். மிக மோசமான நிலையில் இது நொடிக்கு 400 கேபி. மவுஸ் அம்பு கூட நகராமல் கணினி உறைந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு இசட்ரேம் என்று அருமையான வழி இருக்கிறது. ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாக வைத்து, அங்கே போகும் தரவைச் சுருக்கி வைப்பது. பெரும்பாலும் இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு சுருங்கும். பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும்; ஹார்டுடிஸ்க்குக்காகக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. 2014 முதல் கர்னலிலேயே இருக்கிறது; டெபியன் (பல விநியோகங்களுக்கு மூலமான விநியோகம்) வகை விநியோகங்களில் ஒரு சிறு தொகுப்பை நிறுவினால் இயங்கும். 2 ஜிபி கணினியில் லினக்ஸ் போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

32-பிட் கணினியா? முன்பே பாருங்கள்

டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளை கொடுத்தால் பிராசஸர் 64-பிட் (ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அகலம்) தாங்குமா என்று தெரியும். கோர் 2 டியோவும், அதற்குப் பின் வந்த டூயல் கோர்களில் பெரும்பாலானவையும் தாங்கும். பழைய ஆட்டம் நெட்புக்குகள் சில, பென்டியம் 4-இல் ஒரு பகுதி தாங்காது.

தாங்காவிட்டால் காலம் குறைவு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் பிசிக்கான இன்ஸ்டாலரைக் கைவிட்டது. டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. ஃபயர்ஃபாக்ஸ் 145 முதல் 32-பிட் லினக்ஸுக்கு வருவதில்லை. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் என்று மொசில்லா அறிவித்தது. குரோம் 2016-லேயே விலகிவிட்டது. அத்தகைய கணினியைப் பாட்டுக் கேட்க, பிடிஎஃப் படிக்க, தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலைக்கு வைக்க வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் கணினிக் கடைகளுக்குப் போகும் முன்

மென்பொருளைச் சுரண்டி 200 எம்பி மிச்சம் பிடிப்பதற்குப் பதில், பயன்படுத்திய 2 ஜிபி ரேம் ஒன்றை வாங்கி மாட்டுவது பல நேரம் எளிது. போகும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரேம் டிடிஆர்2-வா டிடிஆர்3-யா, இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா, டிடிஆர்3 என்றால் 1.5 வோல்ட்டா 1.35 வோல்ட்டா. 'எல்' என்று முடியும் 1.35 வோல்ட் வகையை மட்டும் ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. ஹார்டுடிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி மாட்டினால் ஸ்வாப்பின் தாமதமும் திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும்.

எதையும் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். ஆன்டிஎக்ஸ், எம்எக்ஸ், லுபுண்டு எல்லாம் அதற்கு இடம் தருகின்றன. பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போட வேண்டாம். பார்க்க வேண்டியவை: வைஃபை தானாகப் பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா, பிரவுசரில் நீங்கள் தினமும் படிக்கும் தமிழ்த் தளத்தில் 'கொ', 'கு', 'ஸ்ரீ' மூன்றும் ஒழுங்காக இருக்கின்றனவா, வழக்கமாகத் திறக்கும் டேபுகளைத் திறந்த பிறகு 'அவெய்லபிள்' பத்தியில் 300 எம்பியாவது மிஞ்சுகிறதா. இவ்வளவும் தேறினால் தைரியமாக நிறுவலாம். ரேமில் மட்டும் தவறினால் ஒரு படி இலகுவான டெஸ்க்டாப்பை எடுத்து, அதே பென்டிரைவில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.